புதிய கணினியில் பழைய எக்ஸ்பி: ஓர் அச்சகத்தின் பேஜ்மேக்கர் கோப்புகளை மீட்ட அனுபவம்

மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு சிறிய அச்சகத்தில், பல ஆண்டுகளாகச் சேர்ந்த நூல்களும் கோயில் குடமுழுக்கு மலர்களும் சங்கங்களின் ஆண்டறிக்கைகளும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு நிரலின் கோப்புகளாக ஒரே ஒரு பழைய கணினியில் தங்கியிருந்தன. அந்தக் கணினியின் மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பத் தொடங்கிவிட்டன. காலையில் முதல் தடவை பொத்தானை அழுத்தும்போது திரை வருவதும் வராமல் போவதும் அன்றன்றைய வாய்ப்பைப் பொறுத்ததாக இருந்தது. மறுபதிப்பு கேட்டு ஒரு பதிப்பாளர் வந்திருந்த வேளையில், அதில் உள்ளதை அப்படியே புதிய கணினிக்குக் கொண்டுவர வேண்டும் என்று அச்சக உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அந்த வேலையில் செய்ததையும், எதற்காக எந்த வழியைத் தேர்ந்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே நிலையில் உள்ள அச்சகங்கள் தமிழகத்தில் இன்னும் பல இருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோப்புகளை மட்டும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்தால் ஏன் போதாது என்பதை முதலில் சொல்ல வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் டிடிபி (கணினிவழிப் பக்க அமைப்பு) வேலைக்குப் பயன்பட்ட எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. எந்த எண்ணில் எந்த வடிவம் என்பது ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறுபடும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற எழுத்துக் குறியீட்டுத் தரங்கள் வந்த பிறகும், அச்சகங்கள் தாங்கள் பழகிய எழுத்துருக்களை விட்டுவிடவில்லை. எனவே அந்தக் கோப்பில் உண்மையில் தமிழ் இல்லை. எண்களின் வரிசை ஒன்றுதான் இருக்கிறது, அதற்குரிய எழுத்துரு உடன் இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். மேலும் ‘கொ’ என்ற எழுத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடிலோ ககரம் முதலில் வந்து உயிர்க்குறி பின்னால் வரும். மாற்றித் தரும் நிரல்கள் உண்டு என்றாலும், மாற்றிய பிறகு எழுத்துகளின் அகலம் வேறாகிவிடுவதால் வரி முறிவும் பக்க முறிவும் நகர்ந்துவிடும். அங்கே தொடக்கம் முதலே பக்கம் கட்டிவரும் அக்கா இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: “பக்க எண் ஒண்ணு நகர்ந்துச்சுன்னா, பின்னால இருக்கிற பெயரடைவு முழுக்கத் தப்பாயிடும், தம்பி.”

ஆகவே காப்பாற்ற வேண்டியது கோப்பு மட்டுமன்று. பேஜ்மேக்கர், எழுத்துருக்கள், தமிழ்த் தட்டச்சு நிரல், அந்த நிரல் இயங்கச் செருகியிருக்க வேண்டிய உரிமப் பூட்டான யூஎஸ்பி லாக், இவை அனைத்தையும் தாங்கி நின்ற விண்டோஸ் எக்ஸ்பி என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். எக்ஸ்பி வெளியானதும் அதே ஆண்டு அக்டோபரில்தான். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8உடன் முடிந்தது.

புதிய கணினியிலேயே எக்ஸ்பியை நேரடியாக நிறுவலாமே என்று உரிமையாளர் கேட்டார். முடியாது. எக்ஸ்பியின் 32 பிட் பதிப்பு கணினியை எழுப்பும் பழைய பயாஸ் முறையில்தான் தொடங்கும். அவர் வாங்கியிருந்த மதர்போர்டுப் பலகையில் அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறை மட்டுமே இருந்தது, பழைய முறைக்கான வசதி நீக்கப்பட்டிருந்தது. அதில் உள்ள என்விஎம்இ என்ற புதிய வகைச் சேமிப்பகத்துக்கு எக்ஸ்பியில் டிரைவர் கிடையாது. யூஎஸ்பி 3 கட்டுப்படுத்திக்கும் கிடையாது என்பதால், எப்படியாவது தொடங்கினாலும் விசைப்பலகையும் மவுசும் வேலை செய்யா. விண்டோஸ் 11இல் பேஜ்மேக்கரை நிறுவும் வழியையும் விட்டுவிட வேண்டியதாயிற்று. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட், லாக்கின் பழைய டிரைவரோ 32 பிட், 64 பிட் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, அதை ஏற்காது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக முயன்றாலும் இதே லாக்தான் தடை, ஏனெனில் வைன் பயன்பாட்டு நிரல்களை ஓட்டுமே தவிர, கெர்னலுக்குள் அமர்ந்து வன்பொருளோடு பேசும் இத்தகைய டிரைவரை ஓட்டாது. முழு இயங்குதளத்தையும் ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள், அதாவது மென்பொருளால் உருவாக்கிய கணினிக்குள், வைப்பதே எஞ்சிய வழி.

புதிய கணினியில் டெபியன் லினக்ஸ் நிறுவி, கேவிஎம், கியூஇஎம்யூ, இவற்றை நிர்வகிக்கும் லிப்வர்ட் ஆகிய மூன்றையும் சேர்த்தேன். கியூஇஎம்யூ 2003இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய நிரல். ஒரு கணினியின் பலகை, வட்டுக் கட்டுப்படுத்தி, ஒலி அட்டை, போர்ட்டுகள் எல்லாவற்றையும் மென்பொருளால் நடித்துக் காட்டும். கேவிஎம் 2007இல் லினக்ஸ் கெர்னலின் 2.6.20 பதிப்பில் சேர்ந்தது. செயலியிலேயே உள்ள மெய்நிகராக்க வசதியைப் பயன்படுத்தி, உள்ளே ஓடும் இயங்குதளத்தின் கட்டளைகளை உண்மையான செயலியிலேயே நேரடியாக ஓடவிடும். இந்த வேலைக்கு உயிர்நாடி எதுவென்றால், கியூஇஎம்யூ தரும் பழைய பலகை மாதிரிதான். அது இன்டெல் 1996இல் வெளியிட்ட 440எஃப்எக்ஸ் சிப்செட்டை நடிக்கிறது. 2001இல் வந்த எக்ஸ்பிக்கு அது நன்கு அறிந்த வன்பொருள். ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை வட்டு, பழைய யூஎஸ்பி கட்டுப்படுத்தி, பேரலல் போர்ட் எல்லாவற்றுக்கும் டிரைவர் அதன் கைவசமே இருக்கும். வெளியே எத்தனை புதிய கணினி இருந்தாலும், உள்ளிருக்கும் எக்ஸ்பி பார்ப்பது தனக்குப் பழகிய பலகையைத்தான்.

புதிதாக எக்ஸ்பியை நிறுவி ஒவ்வொன்றாகச் சேர்ப்பதைவிட, பழைய வன்தட்டில் இருந்ததை முழுமையாக நகலெடுத்து மெய்நிகர் இயந்திரத்துக்குக் கொடுப்பதே சரி என்று முடிவு செய்தேன். தட்டச்சு நிரலின் நிறுவல் குறுந்தகடு யாரிடமும் இல்லை என்பது ஒரு காரணம். பேஜ்மேக்கரின் அமைப்புகள், அக்கா சேர்த்து வைத்திருந்த ஸ்டைல்கள், எந்தக் கோப்புறையில் எது என்ற பழக்கம், இவற்றை மறுபடி உருவாக்க இயலாது என்பது அதைவிடப் பெரிய காரணம். அங்கிருந்த எக்ஸ்பி பல கணினிகளுக்குச் சேர்த்து வாங்கிய வால்யூம் உரிமத்தைச் சேர்ந்தது. ஆகவே வன்பொருள் மாறியதும் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும் தொல்லை எழவில்லை. கடையில் தனியாக வாங்கிய பிரதியாக இருந்தால் இதை முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும்.

40 ஜிபி ஐடிஇ வன்தட்டைக் கழற்றி, ஜம்பரை மாஸ்டர் நிலையில் வைத்து, தனி மின் இணைப்பு உள்ள ஐடிஇ–யூஎஸ்பி மாற்றியில் பொருத்தினேன். இவ்வளவு பழைய தட்டை நகலெடுக்க லினக்ஸின் சாதாரண நகலெடுப்புக் கட்டளையான டிடியை நம்பக் கூடாது. படிக்க முடியாத இடம் ஒன்று வந்தால் அது நின்றுவிடும், அல்லது அதே இடத்தில் திரும்பத் திரும்ப முட்டித் தட்டை இன்னும் கெடுக்கும். பழுதான தட்டுகளை மீட்பதற்கான குனூ டிடிரெஸ்க்யூ நிரல் முதல் சுற்றில் நல்ல பகுதிகளை எல்லாம் விரைவாக எடுத்துவிட்டு, தடங்கல் உள்ள இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். பிறகு அந்த இடங்களை மட்டும் மீண்டும் முயலச் சொல்லலாம். இங்கே இரண்டாம் சுற்றுக்குப் பின்னும் சில செக்டார்கள் படிக்கப்படாமல் நின்றன. அவை எந்தக் கோப்பைச் சேர்ந்தவை என்று என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) கருவிகளில் உள்ள தேடும் கட்டளையால் பார்த்தபோது, விண்டோஸ் நினைவகத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளும் பேஜ் ஃபைலுக்குள் விழுந்திருந்தன. அது ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்படுவது என்பதால் இழப்பு ஒன்றும் இல்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் மேலே போயிருந்தால், ஒரு நூலின் நடுப்பகுதி சிதைந்திருப்பது அச்சுக்குப் போகும் நாளில்தான் தெரிய வந்திருக்கும்.

கிடைத்த பிம்பத்துக்கு, அதாவது தட்டின் முழு நகல் கோப்புக்கு, அது மாறாமல் இருப்பதைச் சரிபார்க்க உதவும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் மதிப்பு எடுத்து, எழுத முடியாதபடி பூட்டி, இரண்டு வெளி வன்தட்டுகளில் வைத்தேன். மெய்நிகர் இயந்திரத்துக்குத் தருவது அந்த மூலத்தையன்று. அதை அடித்தளமாகக் கொண்ட ஒரு கியூகவ்2 (கியூஇஎம்யூவின் வட்டுக் கோப்பு வடிவம்) மேலடுக்கை. மாற்றங்கள் எல்லாம் மேலடுக்கில்தான் பதியும்; எது கெட்டாலும் மேலடுக்கை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

இனி இந்த வேலையின் கடினமான பகுதி. வேறொரு பலகையில் நிறுவப்பட்ட எக்ஸ்பியை அப்படியே கியூஇஎம்யூவில் தொடங்கினால், 7பி என்ற எண்ணுள்ள நீலத்திரை வந்து நிற்கும். தொடங்கும் வட்டை அணுக முடியவில்லை என்பது அதன் பொருள். பழைய பலகை விஐஏ சிப்செட் கொண்டது. எக்ஸ்பி தொடக்கத்திலேயே ஏற்ற வேண்டிய வட்டு டிரைவர்களின் பட்டியலில் விஐஏவுடையது மட்டுமே இருந்தது. கியூஇஎம்யூ காட்டுவதோ இன்டெலின் பிஐஐஎக்ஸ்3 ஐடிஇ கட்டுப்படுத்தி. ஆகவே எக்ஸ்பி தொடங்குவதற்கு முன்பே, வெளியிலிருந்து அதன் அமைப்புகளின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைத் திருத்த வேண்டும்.

மேலடுக்கை கியூஇஎம்யூ-என்பிடி வழியாக லினக்ஸில் ஒரு வட்டாக இணைத்து, அதில் உள்ள சிஸ்டம் ரெஜிஸ்ட்ரிக் கோப்பை ஹைவெக்ஸ் கருவியால் திறந்தேன். ஓடாத நிலையில் உள்ள ரெஜிஸ்ட்ரியில் ‘நடப்புத் தொகுதி’ என்ற பெயரில் எதுவும் இருக்காது. செலக்ட் என்ற கிளையில் உள்ள எண்தான் 001, 002 என்ற தொகுதிகளில் எது நடப்பில் உள்ளது என்று சொல்லும். அதைப் பார்த்துக்கொண்டு, உரிய தொகுதியில் உள்ள முக்கியச் சாதனப் பட்டியலில் 8086, 7010 என்ற அடையாள எண்களுக்கு இன்டெல்ஐடிஇ சேவையைப் பதிந்தேன். முதன்மை, துணை ஐடிஇ சேனல்களுக்கு அடாபி சேவையைப் பதிந்தேன். இந்த டிரைவர்களின் தொடக்க மதிப்பைச் சுழியம் ஆக்கினேன், அதாவது பூட் நேரத்திலேயே ஏற்று என்று பொருள். ரெஜிஸ்ட்ரியில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. டிரைவர் கோப்பும் அதன் இடத்தில் இருக்க வேண்டும். விஐஏ பலகையில் நிறுவப்பட்டதால் இன்டெல்ஐடிஇ கோப்பு டிரைவர் கோப்புறையில் இல்லை. எக்ஸ்பி தன் டிரைவர்கள் எல்லாவற்றையும் சுருக்கி வைத்திருக்கும் டிரைவர் கேப் கோப்பிலிருந்து அதைப் பிரித்தெடுத்து அங்கே வைத்தேன். இவற்றோடு, செயலியின் மின்சக்தியைக் கையாளும் இன்டெல்பிபிஎம் சேவையின் தொடக்க மதிப்பை 4 ஆக்கி முடக்கினேன். மெய்நிகர் இயந்திரத்தில் அதற்கு வேலை இல்லை, இருந்தால் இடம் மாறிய எக்ஸ்பியை அது நீலத்திரையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவது உண்டு.

இயந்திரத்தின் வரையறையில் செயலி ஒன்றே ஒன்று என்று வைத்தேன், ஏனெனில் இந்த எக்ஸ்பி வன்பொருளோடு பேசும், ஒற்றைச் செயலிக்கான ஹால் அடுக்குடன் நிறுவப்பட்டது. நினைவகம் 1 ஜிபி. பேஜ்மேக்கருக்கு இதுவே தாராளம். திரைக்குக் கியூஇஎம்யூவின் ஸ்டாண்டர்ட் விஜிஏ, அதில் 1280க்கு 1024 என்ற அளவு கிடைக்கும். கடிகாரத்தை உள்ளூர் நேரம் என்று குறித்தேன்; இல்லாவிட்டால் எக்ஸ்பியில் நேரம் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டும். நெட்வொர்க் அட்டையை வரையறையிலிருந்தே நீக்கிவிட்டேன். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத ஓர் இயங்குதளத்தை இணையத்தில் விடுவதற்கு எந்தத் தேவையும் இல்லை. அந்த அட்டை இல்லை என்றால் யாரும் தெரியாமல் இணைத்துவிடவும் முடியாது.

முதல் தொடக்கத்திலேயே எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளித் திரை வந்தது. தொடர்ந்து ‘புதிய வன்பொருள்’ அறிவிப்புகள் வரிசையாக வந்தன. சிலவற்றுக்கு எக்ஸ்பி குறுந்தகட்டைக் கேட்டது, அதன் ஐஎஸ்ஓ பிம்பத்தை மெய்நிகர் சிடி டிரைவில் இணைத்துவிட்டதும் தானாகவே முடித்துக்கொண்டது.

அடுத்தது லாக். அதைப் புதிய கணினியின் யூஎஸ்பி போர்ட்டில் செருகி லினக்ஸில் பட்டியலிட்டுப் பார்த்தபோது 0529:0001 என்ற அடையாளம் தெரிந்தது. அது அலாடின் நிறுவனத்தின் ஹாஸ்ப் வகை லாக்குக்கு உரிய எண். அந்த இரண்டு எண்களையும் இயந்திரத்தின் வரையறையில் சேர்த்து, அந்தச் சாதனத்தை எக்ஸ்பிக்கே முழுமையாக ஒப்படைத்தேன். போர்ட்டைக் குறிப்பிடாமல் சாதனத்தின் எண்ணைக் குறிப்பிடுவது நல்லது. அப்போதுதான் யாராவது லாக்கைக் கழற்றி வேறு போர்ட்டில் செருகினாலும் அது கிடைக்கும். டிரைவர் ஏற்கெனவே எக்ஸ்பிக்குள் இருந்ததால், சிறு விளக்கு எரிந்ததும் தட்டச்சு நிரல் திறந்துகொண்டது. அக்கா வந்து உட்கார்ந்து, பழைய டைப்ரைட்டர் முறையில் ஒரு பத்தியை முழு வேகத்தில் அடித்துப் பார்த்தார். எழுத்து எதுவும் விழாமலும் இரட்டிக்காமலும் வந்தது.

கடைசியாக அச்சு. முன்பெல்லாம் லேசர் பிரிண்டரில் பட்டர் ஷீட்டில் எடுத்து, அதிலிருந்து பிளேட் போடுவார்கள். இப்போது பிளேட் போடும் இடத்தில் எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் கேட்கிறார்கள். நெட்வொர்க் இல்லாத எக்ஸ்பியிலிருந்து அதை வெளியே கொண்டுவர, கியூஇஎம்யூவின் பேரலல் போர்ட் எனக்குப் பெரிதும் உதவியது. அந்தப் போர்ட்டின் மறுமுனையை லினக்ஸில் உள்ள ஒரு கோப்போடு இணைத்துவிடலாம். எக்ஸ்பியில் அதனுடனேயே வரும் போஸ்ட்ஸ்கிரிப்ட் (அச்சுப் பக்கங்களை விவரிக்கும் மொழி) பிரிண்டர் டிரைவர் ஒன்றை எல்பிடி1 என்ற அந்தப் பேரலல் போர்ட்டுக்கு நிறுவி, ட்ரூடைப் எழுத்துருக்களைப் புள்ளிகளாக்காமல் வெளிக்கோட்டு வடிவிலேயே அனுப்பும்படி அமைத்தேன். பேஜ்மேக்கரில் அச்சிடு என்று சொன்னால், அங்கே ஒரு பிரிண்டர் இருப்பதாக எக்ஸ்பி நினைத்து அனுப்பும் ஒவ்வொரு பைட்டும் வெளியே கோப்பில் சேர்கிறது.

ஒரே அமர்வில் பல வேலைகளை அச்சிட்டால் அவை ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். ஒவ்வொரு வேலையும் ‘%!’ என்ற இரு குறிகளோடு தொடங்கும் தலைவரியைக் கொண்டது என்பதால், அந்த வரியைக் கண்டு பிரித்து, கோஸ்ட்ஸ்கிரிப்டால் அச்சுத் தரத்துக்கான அமைப்பில் பிடிஎஃப் ஆக்கும் சிறு ஷெல் நிரலை எழுதினேன். வேலைகளுக்கு இடையே டிரைவர் இடும் கண்ட்ரோல்-டி குறியை அமைப்பிலேயே நிறுத்திவிட்டேன். இயந்திரத்தை அடுத்த முறை தொடங்கும்போது கோப்பு வெறுமையாகிவிடும். ஆகவே இயந்திரம் நின்றவுடன் இந்த நிரல் தானாக ஓடும்படி லிப்வர்ட்டின் ஹுக் வசதியில் சேர்த்தேன்.

எழுத்து மட்டும் உள்ள பக்கங்களுக்கு இந்த முறை குறையில்லாமல் வேலை செய்கிறது. புகைப்படங்கள் நிறைந்த குடமுழுக்கு மலர்களுக்குச் சரிவரவில்லை, ஏனெனில் பேரலல் போர்ட்டில் போகும் ஒவ்வொரு பைட்டுக்கும் எக்ஸ்பியை நிறுத்தி, கியூஇஎம்யூ அதை வாங்கிக்கொண்டு, மறுபடி ஓடவிட வேண்டியிருக்கிறது. அவற்றுக்காக ஃபேட்32 அமைப்பில் இரண்டாவது மெய்நிகர் வட்டு ஒன்றைச் சேர்த்து, அதில் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக எழுதச் செய்தேன். இயந்திரத்தை நிறுத்திய பிறகு அந்த வட்டை லினக்ஸில் ஏற்றிக் கோப்பை எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ்பி தன் முதல் பகிர்வை 63ஆம் செக்டாரில் தொடங்குவதால், ஏற்றும்போது 32256 பைட் தள்ளித் தொடங்கச் சொல்ல வேண்டும்.

மறுபதிப்புக்கு வந்த நூலின் பிடிஎஃப்பை எடுத்ததும், பாப்ளர் கருவிகளில் உள்ள எழுத்துருப் பட்டியல் கட்டளையால் எல்லா எழுத்துருக்களும் உட்பொதிந்திருப்பதை உறுதி செய்தேன். பின்பு சில பக்கங்களைத் தாளில் எடுத்து, முதல் பதிப்பின் ஒரு பிரதியைப் பிரித்து, இரண்டையும் பிளேட் பார்க்கும் விளக்கு மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். வரிகள் மட்டுமன்று, ஒற்றுப் புள்ளிகள்கூட ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுந்தன. அக்கா பெயரடைவிலிருந்து தாமே தேர்ந்த பெயர்களை எடுத்து, குறித்த பக்கத்தில் அவை இருப்பதைச் சரிபார்த்த பிறகே கோப்பைப் பிளேட்டுக்கு அனுப்பச் சம்மதித்தார்.

இந்த ஏற்பாட்டில் பலவீனமான கண்ணி லாக்தான். வன்தட்டுக்கு நகல்கள் உண்டு, கணினி பழுதானால் மேலடுக்கையும் வரையறையையும் வேறொரு லினக்ஸ் கணினிக்கு மாற்றிவிடலாம். லாக் பழுதானால் தட்டச்சு நிரல் திறக்காது, திருத்தம் செய்ய முடியாது. எழுத்துருக்கள் தனிக் கோப்புகள் என்பதால் அச்சிடுவது மட்டும் லாக் இல்லாமலும் நடக்கிறது. அதையும் சோதித்துப் பார்த்தேன். ஆகவே இப்போது, மறுபதிப்பு வாய்ப்புள்ள நூல்கள் முதலாக ஒவ்வொரு கோப்பையும் பிடிஎஃப் ஆக்கி வைத்துவருகிறோம். அதோடு உரையைத் தனியே ஏற்றுமதி செய்து, அந்த எழுத்துருவுக்குரிய அட்டவணையைக் கொண்டு யூனிகோடாக மாற்றி, பிடிஎஃப்போடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்கும் வேலையையும் தொடங்கியிருக்கிறோம். மாற்றத்தில் அதிகம் தவறுவது ஒகர ஓகார ஔகார வரிசைகளும், தமிழுக்கு நடுவே வரும் ஆங்கிலச் சொற்களும்தான். ஆங்கிலச் சொற்களை எழுத்துரு மாறும் இடத்தை வைத்தே பிரிக்க வேண்டியிருக்கிறது.